கடற்காற்றில் ஒரு பழைய ஸ்டீரியோ: புதுப்பித்த பின் பல மழைக்காலங்கள்

வானொலியும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாய் அமைந்த மரான்ஸ் 2230 ரிசீவர் ஒன்று, பயனியர் பி.எல்.-12டி இசைத்தட்டுச் சுழலி ஒன்று, நாகர்கோவிலிலேயே பெட்டி செய்து பூட்டிய 8 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு. இவ்வளவே என் வீட்டு ஸ்டீரியோ. பழைய கருவியைப் புதுப்பித்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே அதன் ஒலியைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். நான் காத்திருந்தேன். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் ஆண்டுதோறும் மாறிமாறிப் பெய்து, நடுவில் உப்புக் காற்றும் வீசும் இந்தக் குமரி மாவட்டத்தில், ஒரு கருவி நன்றாகப் பாடுகிறது என்பதைவிட எவ்வளவு காலம் அப்படியே பாடும் என்பதே பெரிய கேள்வி. அதற்கு இப்போதுதான் என்னிடம் ஓரளவு விடை இருக்கிறது.

வளைகுடா சென்று திரும்பியவர்கள் கொண்டுவந்த கருவிகள் குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் வட்டார வீடுகளில் இன்னும் துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றுள் எதை எடுத்துப் புதுப்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிராண்டையும் வாட்டையும் பார்ப்பதற்கு முன் மேல்மூடியைத் திறந்து, வெளியீட்டுப் பகுதியில் தனித்தனி டிரான்சிஸ்டர்கள் உள்ளனவா, அல்லது எஸ்.டி.கே. எனத் தொடங்கும் எண்ணுள்ள ஒற்றைக் கட்டி ஐ.சி. உள்ளதா என்று பாருங்கள். அந்தக் கால எஸ்.டி.கே. ஐ.சி.க்களின் உற்பத்தி நின்றுபோய்விட்டது. சந்தையில் அந்தப் பெயரில் போலிகள் நிறைய உலவுகின்றன. தனி டிரான்சிஸ்டர் என்றால் அதற்கு ஈடான இன்றைய எண்ணைத் தேடி மாற்றிவிடலாம். 1970களின் தொடக்கத்தில் வந்த 2230 தனி டிரான்சிஸ்டர் வகையைச் சேர்ந்தது. ஒரு சேனலுக்கு 30 வாட் மட்டுமே தரும் என்றாலும், ஓடு வேய்ந்த என் வீட்டு முன்கட்டுக்கு அது தாராளம்.

முதல் வேலை சாலிடரிங் அன்று, மின்னழுத்தம். பின்புறத்தில் மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கும் அமைப்பு உள்ள கருவிகள் பல இங்கே 220 என்ற நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். இரவு வெகுநேரமானபின் மீட்டரை வைத்தால் அதற்கும் மேலே காட்டுவதுண்டு. 220 நிலையில் வைத்து 240ஐ ஊட்டினால் உள்ளே உள்ள டி.சி. மின்னழுத்தமும் அதே விகிதத்தில் உயரும், வெப்பம் கூடும், ஏற்கெனவே முதுமையடைந்த மின்தேக்கிகள் மேலும் விரைவாக உலரும். ஆகவே 240 நிலையில் வைத்தேன். மேல்மூடியின் சூடு தொட்டறியும் அளவுக்குக் குறைந்தது.

நெடுங்காலம் மின்சாரம் காணாத கருவியை நேரடியாகச் சுவரில் செருகக் கூடாது. தக்கலையில் வானொலிப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர், "தம்பி, மொதல்ல ஒரு குண்டு பல்பை சீரிஸ்ல போடு, பல்பு சொல்லும் மிச்சத்தை" என்றார். 60 வாட் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் மேலே போகலாம்; முழு ஒளியுடன் நின்றால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது. மின்னாற்பகுப்பு மின்தேக்கியின் உள்ளே அலுமினியத் தகட்டின் மீது படிந்திருக்கும் ஆக்சைடு படலம் பயன்பாடின்றிக் கிடந்தால் மெலிந்துவிடுகிறது என்பதே இந்த எச்சரிக்கைக்குக் காரணம். மின்வழங்கியிலுள்ள பெரிய மின்தேக்கிகளையும், டோன் பலகையிலும், இசைத்தட்டு ஒலியைப் பெருக்கும் போனோ பலகையிலும் உள்ள சிறியவற்றையும் 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாக மாற்றினேன். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மின்தேக்கிகளைப் பொறுத்த பொது விதி. 85 டிகிரி வகையின் விலைக்கும் இதன் விலைக்கும் உள்ள சிறு வேறுபாட்டைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தவை இன்றுவரை ஒன்றுகூட வீங்கவில்லை. பெரிய மின்தேக்கிகளைத் தொடுவதற்கு முன் ஒரு மின்தடையின் வழியே அவற்றை வெறுமையாக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது.

மின்தேக்கிகள் நிலைத்துவிட்டன, நிலைக்காதவை தொடர்பு முனைகள். சுழல் குமிழ்கள், உள்ளீட்டுத் தேர்வி, ஒலிபெருக்கித் தேர்வி ஆகியவை சுத்தம் செய்த சில மாதங்களில் மீண்டும் கரகரக்கத் தொடங்குகின்றன. கடலிலிருந்து வரும் உப்பும் மழைக்கால ஈரமும் சேர்ந்து செம்பிலும் வெள்ளிப் பூச்சிலும் களிம்பை உண்டாக்குவதே இதற்குக் காரணம். பொதுவான துருநீக்கித் தெளிப்பான்களைக் குமிழ்களுக்குள் அடிப்பது தீங்கு. அவை மசகைக் கரைத்துவிட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மின்தொடர்புகளுக்கென்றே விற்கப்படும் துப்புரவுத் திரவத்தை ஒரு துளி விட்டு, குமிழை இரு கோடிகளுக்கும் பல முறை சுழற்றினால் போதும். ஒலிக் கம்பிகளைச் செருகும் ஆர்.சி.ஏ. முனைகளைத் தங்கப்பூச்சுள்ளவையாக வாங்கிப் பொருத்திய பின் பின்பக்கத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனால் உண்மையில் உதவியது வேறொன்று: ஆனி, ஆடி மாதங்களில் கேட்க நேரமிருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் ஒரு மணி நேரம் கருவியை இயக்கி வைப்பது. உள்ளே எழும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டிவிடுகிறது. மாதக் கணக்கில் பூட்டி வைத்துவிட்டு வெளியூர் செல்பவர்கள் இந்த மாவட்டத்தில் பழைய ரிசீவர் வைத்துக்கொள்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ஒலிபெருக்கிகளில் கற்றது அதிகம். பழைய ஒலிபெருக்கிகளின் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் பாலியூரித்தேனால் ஆனது. ஈரமும் வெப்பமும் சேரும்போது அது உதிர்ந்து ஒட்டும் தூளாகிவிடும். புதிய நுரை வளையம் ஒட்டினாலும் முடிவு அதுவே, காலம்தான் வேறு. எனவே ரப்பர் வளையமுள்ள 8 ஓம் ஒலிபெருக்கிகளைத் தேர்ந்தேன். இத்தனை மழைக்குப் பின்னும் வளையம் நெகிழ்வு குன்றாமல் இருக்கிறது. பெட்டிக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம் என்று ஆசாரி உறுதியாகச் சொன்னார். அது ஓரத்தில் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் பெட்டியும், முகப்புச் சட்டத்துக்கு அயனிப் பலகையுமாகச் செய்தார். வள்ளத்துக்கும் வீட்டுக்கும் பல தலைமுறைகளாக நம்பிப் பயன்படுத்திய மரம் ஒலிபெருக்கிப் பெட்டியிலும் கோணாமல் நிற்கிறது. சிதல் ஏறாமலிருக்கப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் இரும்புத் தாங்கியில் வைத்திருக்கிறேன்.

சுழலியைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. பி.எல்.-12டியில் உள்ளது மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடும் சிங்க்ரனஸ் மோட்டார். அதன் அச்சிலுள்ள கப்பி 50 ஹெர்ட்ஸுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் வேறுவேறு. 60 ஹெர்ட்ஸ் கப்பியோடு வந்த சுழலி இங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28க்கும் குறைவாகவே சுற்றும். பாட்டு இழுத்துக்கொண்டு போகும். வாங்குமுன் 180 கோடுகள் கொண்ட வேகச் சரிபார்ப்புத் தட்டை மேலே வைத்து, குண்டு பல்பு அல்லது சோக் உள்ள டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் வெளிச்சத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது. மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் சுழலியை ஓட்டினால் மோட்டார் உறுமும். ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மரும் உறுமும். அந்த நேரத்தில் அணைத்துவிடுவதே நல்லது. ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியாக ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ கார்ட்ரிஜைப் பொருத்தி 2 கிராம் அழுத்தத்தில் வைத்திருக்கிறேன்; ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம் என்பதால் நெடுநாள் பயன்பாட்டுக்கு ஏற்றது.

இசைத்தட்டுகளில் பூஞ்சணம் பிடிப்பதைத் தவிர்க்க முடியவில்லை. காகித உறைகளை எடுத்துவிட்டுப் பாலித்தீன் உள்ளுறைகளை இட்டதும், சுவரோரத்திலிருந்து அலமாரியைத் தள்ளி வைத்ததும் பாதிப்பைக் குறைத்தன. வினைல் தட்டுகளைக் காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளை ஒருபோதும் அப்படித் துடைக்கக் கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

பண்பலைப் பகுதியைச் சோதிக்க நம் மாவட்டம் நல்ல இடம். நாகர்கோவில் வானொலி 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; திருவனந்தபுரம் வானொலியின் பண்பலை 101.9இல் ஒலிக்கிறது. இரண்டும் கேட்கும் மேற்குப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரித்துத் தருகிறதா என்பதிலேயே ட்யூனரின் தரம் தெரிந்துவிடும். 2230இன் படுக்கைவாட்டுச் சக்கரத்தை விரல் நுனியால் உருட்டி இரண்டையும் தனித்தனியே பிடிக்க முடிகிறது. ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்யப்பட்ட பழைய ட்யூனர்களை மட்டும் தவிருங்கள். அவை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே பிடிப்பவை, 100 வோல்ட்டில் ஓடுபவை.

2230இன் நீல முகப்பொளியைப் பற்றி ஒரு சொல். நீலம் விளக்கில் இல்லை. சாதாரண இழை விளக்கின் முன்னுள்ள வடிகட்டியில் இருக்கிறது. ஒளியைப் பரப்பும் காகிதம் வெப்பத்தில் பழுப்பேறிச் சுருண்டிருந்ததால் மாற்றினேன். எல்.இ.டி. போட்டால் சூடு குறையும், காகிதமும் நீடிக்கும். ஆனால் நிறம் கடுமையாகிவிடுகிறது. நான் இழை விளக்குகளுக்கே திரும்பிவிட்டேன்.

சித்திரை, வைகாசியில் மலைப்பக்கம் இடி இறங்கும் மாலைகளில் மின்செருகியையும் ஆன்டெனா கம்பியையும் பிடுங்கி வைத்துவிடுகிறேன். இப்போது மீதமுள்ள வேலை சுழலியின் பெல்ட். ரப்பர் இறுகத் தொடங்கியிருப்பதால், அடுத்த இடவப்பாதிக்கு முன் புதியதை மாற்றி, அச்சுக் குழியிலும் எண்ணெய் விட வேண்டும்.