அக்ரி எகனாமிக்ஸா, அக்ரி பிசினஸா? ஒரு வெங்காயப் பட்டறையை முன்வைத்து

வைகாசியில் அக்கா மகன் போன் செய்தான். பி.எஸ்சி. அக்ரி முடிக்கப்போகிறான். "மாமா, எம்.எஸ்சி. அக்ரி எகனாமிக்ஸ் போடறதா, எம்.பி.ஏ. அக்ரி பிசினஸ் போறதா? பசங்க எல்லாம் எம்.பி.ஏ.ங்கறாங்க."

நான் எகனாமிக்ஸ் படித்தவன். ஆகவே என் பேச்சில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நானும் ஆசைப்பட்டு எடுத்தவன் இல்லை. கவுன்சலிங்கில் என் முறை வந்தபோது ஜெனிடிக்ஸ், தோட்டக்கலை எல்லாம் தீர்ந்துபோய், எகனாமிக்ஸ் மிச்சமிருந்தது. எங்கள் செட்டில் பாதிப்பேர் இப்படி வந்தவர்கள்தான்.

இரண்டு படிப்பும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். நினைப்பதில் தப்பில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே வேளாண் பொருளாதாரத் துறையும், அக்ரி பிசினஸ் எம்.பி.ஏ. நடத்தும் வேளாண் ஊரக மேலாண்மைத் துறையும் கார்ட்ஸ் என்ற ஒரே மையத்தின் கீழ்தான் இருக்கின்றன. உள்ளே போய் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். அவனுக்குச் சொன்ன உதாரணத்தையே இங்கேயும் சொல்கிறேன். அவன் வீட்டுப் பட்டறை.

அவன் அப்பா, என் மச்சானுக்குப் பல்லடம் பக்கம் தோட்டம். வைகாசியில் எடுத்த சின்ன வெங்காயத்தை உடனே மண்டிக்கு அனுப்பாமல், சேமித்து வைக்கப் பட்டறை போட்டிருந்தார். கல் அடுக்கி, அதன்மேல் மூங்கில் தளம் போட்டு, பக்கத்துக்குத் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்த பட்டறை. அடியில் காற்றுப் போக வேண்டும், மேலே ஒரு சொட்டு ஒழுகக்கூடாது. விலை ஏறும் என்று காத்திருப்பார்.

எகனாமிக்ஸ் மாணவன் அந்தப் பட்டறை முன்னால் நின்றால் அவனுக்கு வரும் கேள்வி, "காத்திருப்பது லாபமா?" மாதத்துக்கு எவ்வளவு எடை வற்றும், எவ்வளவு அழுகும், போட்ட பணத்துக்கு வட்டி என்ன, இதையெல்லாம் மீறி விலை ஏறுமா? ஊரில் எல்லோரும் பட்டறை போட்டிருந்தால் எல்லோரும் ஒரே மாதத்தில் திறப்பார்களே, அப்போது விலை என்ன ஆகும்? போன வருடம் நல்ல விலை போனதால்தான் இந்த வருடம் இத்தனை பேர் நட்டார்களா? அவன் ஒரு பட்டறையைப் பார்த்துக்கொண்டே ஒரு தாலுகாவைப் பற்றி யோசிப்பான். மச்சானுக்கு அதனால் உடனடிப் பயன் எதுவும் இல்லை.

எம்.பி.ஏ. மாணவனின் கேள்வி வேறு. இதை யார் வாங்குவார்கள்? பெருவட்டு, சிறுவட்டு பிரித்தால் கிலோவுக்கு எத்தனை ரூபாய் கூடும்? உரித்துப் பாக்கெட் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்த்தால் லாரி வாடகை எவ்வளவு மிச்சம்? சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வரும்வரை யார் தாங்குவது? அவனுக்குத் தாலுகா வேண்டாம், இந்தச் சரக்கு போய்ச் சேர வேண்டும்.

இந்த இரண்டில் எந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறதோ அந்தப் படிப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இருபத்தோரு வயதில் எந்தக் கேள்வியும் யார் தூக்கத்தையும் கெடுப்பதில்லை. அதனால் மற்ற விஷயங்களையும் பேச வேண்டியிருந்தது.

வகுப்பில் நடப்பது

ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) வகுத்த பாடத்திட்டப்படி எம்.எஸ்சி. மொத்தம் 70 கிரெடிட். அதில் 30 ஆய்வேட்டுக்கே போய்விடும். மைக்ரோ எகனாமிக்ஸ், உற்பத்திப் பொருளாதாரம், எக்கனாமெட்ரிக்ஸ், லீனியர் புரோகிராமிங், சந்தை, நிதி, கொள்கை என்று முதல் வருடம் ஓடும். பிளஸ் டூவில் கணக்கைக் கண்டு ஓடிவந்து அக்ரி சேர்ந்தவர்களுக்கு இங்கே அது மறுபடி எதிரே வந்து நிற்கும். டிஃபரன்ஷியேஷன் தெரியாமல் உற்பத்திப் பொருளாதாரத்தைக் கடக்க முடியாது.

அப்புறம் ஆய்வேடு. மாவட்டத்தில் ஒரு தாலுகா, அதில் சில கிராமங்கள், 120 விவசாயிகள், பேட்டி எடுப்பதற்கு ஓர் அட்டவணை. கடைசி அத்தியாயத்தில் விவசாயிகளின் பிரச்சினைகளை வரிசைப்படுத்த காரெட் ரேங்கிங். தமிழ்நாட்டு அக்ரி எகனாமிக்ஸ் ஆய்வேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் காரெட் இருக்கும், முதலிடத்தில் ஆள் பற்றாக்குறை இருக்கும். இதற்கு 120 பேரைக் கேட்க வேண்டுமா என்று நாங்களே சிரித்துக்கொள்வோம்.

ஆனால் அந்த அலைச்சல்தான் படிப்பு. ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்தில் பெரியவர் ஒருவரிடம் சாகுபடிச் செலவு கேட்டுக்கொண்டிருந்தேன். விதை மஞ்சள், எரு, பாத்தி கட்டின கூலி, வேக வைத்த கூலி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டு ஆட்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்றேன். "அதுக்கெதுக்குங் கூலி?" என்றார். அடுத்து, சொந்த நிலத்துக்கு வாடகை மதிப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தோட்டத்துக்கு நானே வாடகை கட்டோணுமாங் தம்பி?" அப்படிப் போட்டால்தான் உண்மையான செலவு தெரியும் என்று விளக்கினேன். போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நட்டம்னே எழுதிக்குங்க" என்று எழுந்து மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார்.

வகுப்பில் ஏ2, சி2 என்று மனப்பாடம் செய்த எழுத்துகளுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது. கையை விட்டுப் போன செலவு ஏ2. அதோடு வீட்டு ஆள் உழைப்பைச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்.எல். சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலுக்கான வட்டியும் சேர்ந்தால் சி2. மஞ்சளுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை கிடையாது. நெல்லுக்கு உண்டு, அங்கே இந்த எழுத்துகளுக்குள்தான் சண்டையே. 2024-25 காரிப் பருவத்துக்குச் சாதா ரக நெல்லின் ஏ2 கூட்டல் எஃப்.எல். செலவு குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் என்று கணக்கிட்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,300 ரூபாய் அறிவித்தார்கள். விவசாய சங்கங்கள் கேட்பது சி2-வின் மேல் ஒன்றரை மடங்கு. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தைக் காட்டித்தான் அந்தக் கோரிக்கை. பெரியவர் சிரிக்காமல் கேட்ட அந்த வாடகைதான் டெல்லி எல்லையில் டிராக்டர்களை நிறுத்திய கணக்கின் ஒரு பகுதி.

எம்.பி.ஏ.வில் இந்த அலைச்சல் கிடையாது, அதற்குப் பதில் இரண்டு மாதம் ஒரு கம்பெனியில் புராஜெக்ட். கேஸ் ஸ்டடி, பிரசன்டேஷன், குழு வேலை. கூச்ச சுபாவம் உள்ள பையன்கள் அதில் மாறிப்போய் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் துறையில் இரண்டு வருடம் கழித்தும் அப்படியே இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

பணம்

ஐ.சி.ஏ.ஆர். அகில இந்தியத் தேர்வில் நல்ல ரேங்க் எடுத்தால் முதுநிலை உதவித்தொகை மாதம் 12,640 ரூபாய். அது கிடைக்காமல் வேறு மாநிலத்தில் சேர்ந்தால் தேசியத் திறன் உதவித்தொகை மாதம் 5,000. வீட்டில் கேட்காமல் படித்துவிடலாம். அதே தேர்வு வழியாக, பூசா என்று சொல்லும் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போகலாம். அந்த வளாகத்திலேயே ஐ.சி.ஏ.ஆரின் வேளாண் பொருளாதாரக் கொள்கை நிறுவனமும் இருக்கிறது. இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

எம்.பி.ஏ. பக்கம் செலவில் வித்தியாசம் பெரிது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் உணவு, வேளாண் வணிகப் படிப்பு இரண்டு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும். ஹைதராபாத் மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம்), 1996 முதல் இந்தப் படிப்பை நடத்துகிறது, செலவு கணிசமாகக் குறைவு. இரண்டுக்கும் கேட் (CAT) என்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனந்தில் அமுல் குரியன் 1979-ல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மாவும் பட்டியலில் உண்டு, அங்கே கூட்டுறவுப் பக்கம் மனசு இருக்க வேண்டும். இவற்றில் இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போகலாம் என்பது என் கட்சி. இவை கிடைக்காமல், பெயர் தெரியாத தனியார் கல்லூரியில் லட்சங்கள் கட்டி அக்ரி பிசினஸ் எம்.பி.ஏ. படிப்பதுதான் இந்த ஒப்பீட்டிலேயே மோசமான தேர்வு. பி.எஸ்சி. அக்ரியை வைத்தே அந்த வேலைக்குப் போயிருக்கலாம்.

வேலை

எம்.பி.ஏ.க்காரனுக்குக் கல்லூரிக்குள்ளேயே வேலை வரும். விதை, பூச்சிமருந்து, உரம், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு. சந்தோஷமான விஷயம். ஆனால் முதல் போஸ்டிங் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் செட் பையன் ஒருவன் தெலுங்கானாவில் ஒரு மூலையில் மூன்று வருடம் பைக்கில் சுற்றினான். கல்லூரியில் அவனுக்கு பிளேஸ்மென்ட் என்றால் வேலை. கம்பெனியில் பிளேஸ்மென்ட் என்றால் சீசனுக்கு முன்னால் டீலர் கடையில் சரக்கைக் கொண்டுபோய் இறக்குவது. இறக்கியது விவசாயி கைக்குப் போக வேண்டும், அது லிக்விடேஷன். போகாவிட்டால் சேல்ஸ் ரிட்டர்ன், திட்டு. நடுவில் கலெக்ஷன், டீலரிடம் பண வசூல். மழை பெய்யாத வருடம் இத்தனையும் அவன் தலையில். அதையெல்லாம் தாண்டியவன் இன்று எங்கள் செட்டிலேயே அதிகம் சம்பாதிக்கிறான், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எகனாமிக்ஸ் படித்தவனுக்கு வேலை கல்லூரி வாசலுக்கு வராது. தேர்வுகள்தான். இங்கேதான் பட்டத்தின் பெயர் விளையாடுகிறது. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆராய்ச்சிப் பிரிவு அதிகாரி தேர்வுக்கு வேளாண் பொருளாதாரம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், அறிவிப்பிலேயே அப்படி இருக்கும். ஆனால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணி (ஐ.இ.எஸ்.) தேர்வின் தகுதிப் பட்டியலில் பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், எக்கனாமெட்ரிக்ஸ் என்று நான்கு பெயர்கள். வேளாண் பொருளாதாரம் அதில் இல்லை. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு முகம் வாடிய ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ.இ.எஸ். கனவு இருந்தால் சென்னை கோட்டூரில் உள்ள எம்.எஸ்.இ. (மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) போன்ற இடத்தில் எம்.ஏ. எகனாமிக்ஸ் படிப்பதுதான் வழி. கணக்கு இன்னும் கடினம், வயல் பக்கம் போக வேண்டியிருக்காது. (சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை மட்டும் ஒரு காலத்தில் வயலில்தான் நின்றது. அங்கே பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களை இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்க அனுப்பினார். அதே ஊர்களுக்கு அடுத்தடுத்த தலைமுறைகளும் போய்க் கணக்கெடுத்தார்கள்.)

விவசாய, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கிரேடு ஏ அதிகாரி பொதுப்பிரிவுக்கும் வங்கி விவசாய அதிகாரி வேலைக்கும் முதுநிலையே தேவையில்லை. பி.எஸ்சி. போதும். நபார்டுதான் லட்சியம் என்றால் எகனாமிக்ஸ் பாடத்தில் கொஞ்சம் அதன் சிலபஸிலும் வரும் என்பது ஒரு வசதி, அவ்வளவுதான். பேராசிரியராக வேண்டுமென்றால் முனைவர் பட்டம், நெட் தகுதித் தேர்வு, அப்புறம் அறிவிப்பு வரும்வரை பொறுமை. முதல் இரண்டைவிட மூன்றாவது கஷ்டம்.

வெளிநாடு பற்றியும் கேட்டான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே வேளாண் பொருளாதார முதுநிலை உண்டு. அந்த மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஊருக்குத் திரும்பி அரசு வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பட்டம் இங்கத்திய பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் இணைச் சான்று விவகாரத்தை இப்போதே விசாரித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

இவ்வளவும் பேசிவிட்டு, "எது மாமா பெட்டர்?" என்று மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்தான். அகமதாபாத், மேனேஜ் கிடைக்கிற அளவுக்கு கேட் ஸ்கோர் இருந்தால் எம்.பி.ஏ. இல்லையென்றால் எகனாமிக்ஸ், அதுவும் ஐ.சி.ஏ.ஆர். ரேங்கோடு. ஆனால் முடிவெடுக்கும் முன்னால் ஒரு வேலை செய், ஒரு வலைப்பையில் ஐம்பது கிலோ வெங்காயம் எடை போட்டுக் கட்டி அப்பாவின் பட்டறைக்குள்ளேயே வை, விற்கும்போது எடுத்து எடை போடு என்றேன்.

போன வாரம் கூப்பிட்டான். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாமா, நாப்பத்தி மூணு கிலோதான் நிக்குது. அன்னைக்கு வெல கிலோ நாப்பது. இன்னைக்கு எவ்வளவு வந்தா தேவலை?"

"நீயே போடு மாப்ளே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாப்பத்தாறு அம்பது. அதுக்குக் கீழ வித்தா காத்திருந்ததே தண்டம்." அப்புறம் அவனே, "இல்ல, வட்டி போடலையே. வட்டி எத்தன போடறது?"

"உங்கம்மா வளையல் எந்த பேங்க்ல இருக்குன்னு கேளு. அதே வட்டியப் போடு."