கமிஷனில் கை வைத்தால் ஏகாஸ்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

பிரித்தானியாவில் கடை வேலை செய்பவரின் கமிஷனை முதலாளி வெட்டினால், தொழில் நியாயசபைக்கு முன் கட்டாயம் போக வேண்டிய இடம் ஏகாஸ் (Acas), வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் பொது அமைப்பு. இலவசம். ஆனால் அங்கே தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. இரண்டு பக்கமும் போன் பண்ணிப் பேசும் சமரசக்காரர்தான் கிடைப்பார், "வழக்கு வெல்லுமா?" என்றால் சொல்லமாட்டார். அதனால் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போவது நல்லது.

1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டப்படி கமிஷனும் சம்பளமே. வரி போலச் சட்டம் அனுமதித்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அல்லது முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தால்தான் கழிக்கலாம். டில்லில் (கடைக் காசுப் பெட்டியில்) காசு குறைந்த பிறகு நீட்டும் தாளில் போடும் கையெழுத்து அந்தக் குறைவுக்குச் செல்லாது. ஒப்பந்தத்தில் இருந்தாலும், டில் அல்லது சரக்குக் குறைவுக்கு ஒரு சம்பளத்தில் பத்து வீதம்தான் உச்சம். அடிப்படை 1,400, கமிஷன் 350, மொத்தம் 1,750 பவுண். குறைவு 420 என்றால் இந்த மாதம் 175, அடுத்த மாதம் 175, பிறகு 70. "வெட்டவில்லை, கமிஷனைக் குறைத்துக் கணக்கிட்டோம்" என்பதும் எடுபடாது. குறைவுக்காகக் குறைத்த கமிஷனும் வெட்டுத்தான். வேலையை விடும்போது வரும் கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் இந்த உச்சம் இல்லை. பலர் அடிபடுவது அங்கேதான்.

தவறுதலாகக் கூடக் கொடுத்த காசைத் திரும்ப எடுப்பதற்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பேஸ்லிப்பில் அந்த வெட்டுக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏகாஸ் படிவம் சின்னது. சிக்கல் முதலாளியின் பெயரில். கடைப் பலகையில் ஒரு பெயர், கம்பனி வேறு பெயர். பேஸ்லிப்பில் இருப்பதை கம்பனிகளின் அரசுப் பதிவேடான கம்பனிஸ் ஹவுஸ் தளத்தில் ஒத்துப்பார்த்து எழுதுங்கள். பெயர் பிழையானால் நியாயசபை மனுவைத் திருப்பலாம். முதலாளி பேச மறுத்தாலும் சான்றிதழ் எண் வரும், அது இருந்தால் மேலே போகலாம். உடன்பாடு வந்து, அதை எழுதும் சிஓடி3 (COT3) பத்திரம் முடிந்தால் பிறகு மனம் மாற முடியாது.

காலக்கெடுதான் ஏகாஸின் கசப்பான பக்கம்: மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 28 சம்பளத்தில் வெட்டினால் ஜூன் 27க்குள் படிவம் போயிருக்க வேண்டும். 2025இன் வேலை உரிமைச் சட்டம் இதை ஆறு மாதமாக நீட்டுகிறது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும்வரை பழைய கணக்கே.