எவர்சில்வர் வண்டிக்கு எதைப் போட்டுத் தேய்ப்பது?

எங்கள் டிபன் வண்டியின் இரண்டு பக்கமும் 304 கிரேடு எவர்சில்வர் தகடு, ஹேர்லைன் ஃபினிஷ், அதாவது ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். தெப்பக்குளம் பக்கம் சாயங்காலம் நிறுத்துகிறோம். பெயின்ட் கிடையாது என்பதால் கீறல் விழுந்தால் மேலே பூசி மறைக்க வழியில்லை. 1981இல் வந்த டிலோரியன் காரின் உடம்பும் இதே 304 தகடுதான், அதிலும் பெயின்ட் இல்லை. அந்தக் கார்க்காரர்களுக்கு உள்ள கவலைதான் எங்களுக்கும்.

முதலில் கம்பி நார் போட்டோம். அழுக்கு நொடியில் போய்விட்டது. ஆனால் அடுத்த மழைக்கு கதவின் அடிப்பகுதியில் கடுகு கடுகாகத் துரு! பதறிப்போய்த் தகட்டு வேலை செய்பவரிடம் கேட்டேன். நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கு கோடுகளுக்குள் சிக்கித் துருப்பிடித்திருக்கிறது என்றார். பச்சை நாரில் அந்த வம்பு இல்லை, அது நைலான். ஆனால் அதிலும் தேய்க்கும் பொடி ஒட்டியிருக்கும். தகட்டில் கோடு எப்படி ஓடுகிறதோ அப்படியே நீளவாக்கில் தேய்க்க வேண்டும். ஒரு தரம் அவசரத்தில் வட்டமாகத் தேய்த்துவிட்டேன். மேற்கு வெயில் படும்போதெல்லாம் அந்த வளையம் இன்னும் தெரிகிறது. அதனால் பச்சை நார் கீறலுக்கு மட்டும். தினசரிக்குச் சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும்.

அப்புறம் போர் தண்ணீர் விடும் வெள்ளைத் திட்டு. "புளியைப் போட்டுத் தேய்யா, பளிச்சுன்னு ஆயிரும்" என்பார் அம்மா. பித்தளைக்குச் சரி. ஆனால் சேமித்து வைக்கும் புளியில் பெரும்பாலும் உப்புச் சேர்த்திருப்பார்கள். உப்பிலுள்ள குளோரைடு எவர்சில்வரில் ஊசி முனை அளவுக்குக் குழி பறிக்கும், அது திரும்ப ஆறாது. பிளீச்சிங் பவுடரும் அதே ஆபத்துதான், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடைத்தால் திட்டு கரைந்துவிடும். உடனே கழுவி, ஈரம் போகத் துவட்ட வேண்டும். துவட்டாமல் விட்டால் காய்ந்த இடத்தில் மறுபடியும் திட்டுதான்.

தேங்காய் எண்ணெய் தடவினால் விரல் ரேகை மறையும், ஆனால் ரோட்டுப் புழுதி வந்து ஒட்டி இரண்டு நாளில் பிசுபிசுக்கும். விட்டுவிட்டோம்.

கம்பி நாரை இப்போது பாத்திரக் கூடையில் தனி டப்பாவில் வைத்திருக்கிறோம்.