வினாத்தாளா, நேர்ப்பேச்சா? பிள்ளைகளின் மனச்சோர்வை அளக்க இரண்டு வழிகள்

முதல் வழி சிடிஐ (Children's Depression Inventory). பிள்ளையே நிரப்பும் வினாத்தாள். 7 முதல் 17 வயது வரை, 27 கேள்விகள். ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியங்கள் இருக்கும். கடந்த இரண்டு வாரத்துக்குப் பொருந்துவதைக் குறிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 0 முதல் 54; கூடக்கூட மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகம். நாகர்கோவில் பள்ளி ஒன்றில் ஒரே பீரியடில் வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று சிடிஆர்எஸ்-ஆர் (Children's Depression Rating Scale-Revised). பயிற்சி பெற்றவர் எதிரே உட்கார்ந்து பேசி மதிப்பெண் போடுவார். 17 அம்சங்களில் 14 பேச்சிலிருந்து வருபவை. மீதி 3 பார்த்தே போடுபவை: முகம் வாடியிருக்கிறதா, பேச்சில் உயிர் இல்லையா, உடலசைவு குறைந்திருக்கிறதா. மொத்தம் 17 முதல் 113. 40ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்வார்கள்.

நேரமும் ஆளும் கிடைத்தால் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். குளச்சலில் அப்பா ஆழ்கடலுக்குப் போயிருக்கும் வீட்டுப் பையன், வம்பு வேண்டாமென்று நல்ல வாக்கியமாகப் பார்த்துக் குறித்துவிட்டுப் போகலாம். முகம் அப்படிச் சுலபமாக ஏமாற்றாது. வார்த்தையும் ஒரு சிக்கல்தான்: விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைக்கு வருத்தம் என்றால் 'சங்கடம்'. தாளில் 'விரக்தி' என்றிருந்தால் விழிக்கும். நேரில் என்றால் சொல்லை மாற்றிக் கேட்கலாம்.

ஆனால் நூறு பேரில் யாரை முதலில் அழைப்பது என்று தெரிய வினாத்தாள்தான் கைகொடுக்கும். இரண்டில் எதுவும் தனியாக நோயை உறுதிசெய்யாது. அப்புறம், சாவைப் பற்றிய கேள்வியில் அந்த எண்ணம் இருப்பதாகப் பிள்ளை குறித்திருந்தால் கூட்டுத்தொகைக்குக் காத்திருக்காமல் அன்றே பேச வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416.