படிக்கட்டில் ஏறும் பியானோ: லாரல் ஹார்டியின் ‘தி மியூசிக் பாக்ஸ்’

சுமை தூக்குவதன் வலியை இத்தனை துல்லியமாகவும் இத்தனை சிரிப்போடும் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. ஸ்டான் லாரலும் ஆலிவர் ஹார்டியும் நடித்து 1932ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கறுப்பு வெள்ளைப் படம். ஹால் ரோச் தயாரிக்க, ஜேம்ஸ் பாரட் இயக்கினார். நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று ஆஸ்காரில் முதன்முதலாக ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டபோது அந்த விருதைப் பெற்ற படம் இதுதான். பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், வசனத்தைச் சிக்கனமாகவும் ஓசையைத் தாராளமாகவும் கையாண்ட விதத்துக்காகவே இதைத் தனியாகப் பார்க்கலாம்.

கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஒரு பெண்மணி தன் கணவரின் பிறந்தநாளுக்காகத் தானே இசைக்கும் பியானோ ஒன்றை வாங்கி, வீட்டில் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிறார். மூன்று டாலர் எண்பது சென்ட் முதலீட்டில் சரக்குப் போக்குவரத்துத் தொழில் தொடங்கிய நண்பர்கள் இருவரும் குதிரை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு முகவரியைத் தேடி வருகிறார்கள். தெருவில் எதிர்ப்பட்ட தபால்காரர் கையை மேல்நோக்கிக் காட்டுகிறார். வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. கண்ணெதிரே செங்குத்தாக ஏறுவது ஒரு நீண்ட படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில், வென்டோம் தெருவிலிருந்து மேலேறும் 133 படிகள் அவை. படத்தின் பெயரையே அந்தப் படிகளுக்குச் சூட்டிப் பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறார்கள். குன்னூர் ஓட்டுப்பட்டறையிலோ ஊட்டி காந்தலிலோ வீடு மாற்றிய எவரும் அந்த முதல் காட்சியைப் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் நிற்கும் ஊர்களில், சாலையோரத்தில் லாரி நின்ற பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பீரோவும் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் முதுகிலும் தோளிலும் ஏறித்தான் வீட்டுக்குள் போயாக வேண்டும். மாதந்தோறும் வரும் எரிவாயு உருளையே ஏறத்தாழ முப்பது கிலோ எடையோடு யாரோ ஒருவரின் தோளில் ஏறித்தான் வருகிறது. சமவெளியில் இருப்பவர்களுக்குச் சிரிப்புப் படமாக மட்டுமே தெரியக்கூடிய இதில், மலையில் வாழ்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படம் முழுவதும் நம்மைக் கட்டிப் போடுவது பியானோவின் எடை. பெட்டி திறக்கப்படும்வரை அதற்குள் இருக்கும் பியானோவை நாம் பார்ப்பதே இல்லை. மரப்பலகைகள் அறைந்த ஒரு பெட்டியைத்தான் பார்க்கிறோம். ஆனால் அது ஒவ்வொரு படியில் இடிக்கும்போதும் உள்ளேயிருந்து கம்பிகள் அதிரும் ஓசை எழுகிறது. அந்த ஓசை, உள்ளே இருப்பது விலை உயர்ந்தது, நுட்பமானது, அது சிறிது சிறிதாகச் சிதைந்துகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரு சொல் இல்லாமல் உணர்த்திவிடுகிறது. கேமராவைத் தள்ளி வைத்து, படிக்கட்டு முழுவதும் தெரியும்படி எடுக்கப்பட்ட காட்சிகளில் இரண்டு மனிதர்களும் எறும்பளவாகத் தெரிகிறார்கள். வெட்டி வெட்டி ஒட்டாமல் அந்த உயரத்தை அப்படியே காட்டியதால்தான், பாதி வழியில் குழந்தை வண்டியோடு இறங்கி வரும் பணிப்பெண்ணுக்காக அவர்கள் சற்றே விலகியதும், பெட்டி அத்தனை படிகளிலும் தடதடவென்று இறங்கித் தெருவுக்குப் போய்ச் சேருவது நம் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் தெருவில், இளமை முழுவதும் சுமை தூக்கியே பிழைத்த பெரியவர் ஒருவர் இந்தப் படத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். அவர் முதலில் சிரிக்கவில்லை. பெட்டியைப் பிடித்திருக்கும் முறையைத்தான் கவனித்தார். “கீழே நிக்கிறவன் மேலதான் பாரமெல்லாம் இறங்கும், தம்பி. மேலே இருக்கிறவன் கயித்தை விடவே கூடாது. இவனுங்க பேசிக்கிட்டே விட்டுடுவானுங்க பாரு” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு, தொழில் தெரிந்தவரின் சிரிப்பு. படத்தைப் பற்றிய மிகச் சிறந்த விமர்சனம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இரட்டையர் நகைச்சுவை நமக்குப் புதிதல்ல. கவுண்டமணியும் செந்திலும் நமக்குப் பழக்கிய முறையில் கோபம் வார்த்தையாக வெடிக்கும். அடியும் வசவும் கூடவே வரும். ஹார்டியின் கோபம் வேறு வகை. அடி வாங்கிய பிறகு அவர் மெதுவாகத் திரும்பி, கேமராவின் வழியாக நேரே நம்மைப் பார்க்கிறார். ‘இவனோடு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா’ என்று நம்மிடம் முறையிடும் அந்தப் பார்வையில் பெருந்தன்மையும் களைப்பும் சேர்ந்தே இருக்கின்றன. லாரலோ, தான் செய்த பிழை இன்னதென்றே புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். இங்கிலாந்தின் ஃப்ரெட் கார்னோ நாடகக் குழுவில் சார்லி சாப்ளினுக்கு மாற்று நடிகராக இருந்து வளர்ந்தவர் அவர். உடம்பின் ஒவ்வொரு அசைவையும் கணக்கிட்டுச் செய்யும் பயிற்சி அங்கிருந்து வந்தது. இருவரில் யாரும் சோம்பேறி இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெட்டி எத்தனை முறை உருண்டாலும், ‘இந்த வேலை வேண்டாம்’ என்று அவர்கள் ஒரு முறைகூடச் சொல்வதில்லை.

படத்தின் உச்சம் என்று நான் கருதுவது, அவர்கள் ஒருவழியாக மேலே வந்து சேர்ந்த பிறகு நிகழ்கிறது. அதே தபால்காரர் அங்கே வந்து, மேட்டைச் சுற்றி வரும் சாலை ஒன்று இருக்கிறதே, வண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்கிறார். ‘வண்டி மேலே வருமா?’ என்பதுதான் எங்கள் ஊரில் சுமை ஏற்றுவதற்கு முன் எவரும் கேட்கும் முதல் கேள்வி. அதைக் கேட்க மறந்த இருவரும், அந்தச் செய்தி தெரிந்ததும் செய்யும் காரியத்தை இங்கே சொல்லிக் கெடுக்க மனம் வரவில்லை. கடமை உணர்ச்சியும் அறியாமையும் இத்தனை அழகாக ஒன்றாகிவிட்ட நகைச்சுவைக் காட்சி அரிது.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு வரும் பகுதி, படிக்கட்டுப் பகுதியின் தரத்துக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கப்பியும் கயிறும் கட்டி மாடிச் சன்னல் வழியாகப் பெட்டியை ஏற்றுவது நன்றாகவே இருக்கிறது. தொப்பிகளை மாற்றி மாற்றி அணிந்துகொள்ளும் குழப்பமும் சிரிப்பு மூட்டுகிறது. ஆனால் முற்றத்துக் குளத்தில் விழுவது மறுபடியும் மறுபடியும் வரும்போது அலுப்புத் தட்டுகிறது. முன்னதாகப் படிக்கட்டில் பணிப்பெண்ணைப் பின்புறத்தில் உதைக்கும் இடமும் இன்றைய பார்வையில் உறுத்துகிறது. குழந்தைகளோடு பார்ப்பவர்கள் அதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. இந்தக் குறைகளையெல்லாம் ஈடுசெய்வது, பியானோ என்றாலே வெறுக்கும் பேராசிரியராக வரும் பில்லி கில்பர்ட்டின் வெறிபிடித்த கோபம். அவர் கோடரியை எடுத்துப் பியானோவைப் பிளக்கும்போது அது அமெரிக்க தேசிய கீதத்தை இசைக்கத் தொடங்குகிறது. மூவரும் அப்படியே அசையாமல் நின்று வணக்கம் செலுத்துகிறார்கள். இசை நின்றதும் கோடரி மறுபடியும் எழுகிறது. அந்த இசை எதுவென்று தெரியாதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், திரையரங்கில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பழகிய நம்மவர்களுக்குக் காட்சி உடனே பிடிபடும்.

இந்தப் படத்துக்குப் பிற்காலத்தில் வண்ணம் ஏற்றிய பதிப்பும் உண்டு. அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் வெளுத்த படிகளும் அவற்றின் மீது கரிய கட்டையாக நகரும் பெட்டியும் கறுப்பு வெள்ளையில்தான் கண்ணில் நிற்கின்றன. செயற்கை வண்ணத்தில் அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. பழைய, தேய்ந்த பிரதியாக இல்லாமல், சீரமைக்கப்பட்ட பதிப்பைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களோடும் தயக்கமில்லாமல் பார்க்கலாம். வசனம் புரியாமல் போவதால் இழப்பு மிகக் குறைவு. கைபேசியின் சிறு திரையில் படிக்கட்டின் உயரம் தெரியாது என்பதால், இயன்றவரை பெரிய திரையிலோ வெள்ளைச் சுவரிலோ போட்டுப் பாருங்கள். ஒலியையும் கூட்டி வையுங்கள். பெட்டிக்குள் கம்பிகள் அதிரும் ஓசை காதில் விழாவிட்டால் படத்தில் பாதி போய்விடும்.