நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி: எல்லாம் சரி, அந்தப் பித்தளைச் சக்கரம்தான்

"ரிட்டையர் ஆகியாச்சு, மரவேலை பழகலாம்னு இருக்கேன். இந்த நாலாம் நம்பர் இழைப்புளி விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பின்னால் இருக்கும் அந்தப் பித்தளைச் சக்கரத்தைப் பற்றிப் பேசாமல் சொன்னால் அவருக்குச் செய்யும் அநியாயம். கம்பெனி பெயர் வேண்டாம். மலிவு விலையில் வருகிற வார்ப்பிரும்பு இழைப்புளிகள் பலவற்றிலும் இதே கதைதான், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

நாலாம் நம்பர் என்பது அளவைக் குறிப்பது: ஒன்பதே முக்கால் அங்குல நீளம், இரண்டு அங்குல பிளேடு, 45 டிகிரி சாய்வு, ஏறக்குறைய 1.7 கிலோ எடை. வடிவம் அமெரிக்காவின் லெனர்ட் பெய்லி போட்டது. அவருடைய காப்புரிமைகளை 1869இல் ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. அப்புறம் ஊர் உலகமெல்லாம் அதையே நகல் எடுத்து விற்றுக்கொண்டிருக்கிறது. இத்தனை காலம் நகல் எடுத்தும் அந்தச் சக்கரத்தை ஒழுங்காகச் செய்ய வரவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பிளேடை இறக்கி ஏற்றுவதற்கான சக்கரம் அது. அதன் இடுப்பில் ஓடும் பள்ளத்தில் ஒரு கவையின் இரண்டு கால்களும் உட்கார்ந்திருக்கும். கவையின் மறுமுனை, பிளேடு படுத்திருக்கும் சாய்வுக்கட்டையைத் தாண்டி மேலே வந்து, பிளேடின் மேல் திருகி வைத்திருக்கும் மேல் தகட்டில் உள்ள சின்னத் துளைக்குள் நுழையும். ஆக, ஆட்டம் காண மூன்று இடம்: கவைக்கால் பள்ளத்தில் உட்காரும் இடம், கவையைத் தாங்கும் ஊசி, மேல் தகட்டின் துளை. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டாலே சக்கரம் ஒன்றரைச் சுற்று சும்மா சுற்றும். பிளேடு அசையாது. அரைச் சுற்று, முக்கால் சுற்று என்றால் பழைய நல்ல இழைப்புளிகளிலும் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். பழையதில் கவை ஒரே வார்ப்பாக இருக்கும். இப்போது இரண்டு மெல்லிய தகடுகளை அழுத்தி ஒன்றாக்கிவிடுகிறார்கள், கால்கள் பள்ளத்தை நிரப்புவதில்லை.

கை வலிப்பது மட்டும்தான் தொல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிளேடைப் பின்வாங்கி அப்படியே நிறுத்திவிட்டு இழைத்தால் அதற்குப் பின்னால் முட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது. மரம் எதிர்த்துத் தள்ளத் தள்ள பிளேடு நழுவும். மரச்சீவல் முதலில் மெலியும், அப்புறம் பொடியாகும், அப்புறம் வருவதே நின்றுவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்துச் சாணைக்கு எடுத்துப் போவார்கள். பிளேடின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதனால் கடைசித் திருப்பம் எப்போதும் பிளேடை இறக்கும் திசையிலேயே முடிய வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் அது வலப்பக்கமாகச் சுற்றுவது. அதிகமாக இறங்கிவிட்டதா? தேவைக்கு மேல் நன்றாகப் பின்வாங்கி, மறுபடி முன்னுக்கு வந்து நிறுத்துங்கள்.

கொஞ்சம் வைத்தியம் பார்க்கலாம். சாய்வுக்கட்டையைக் கழற்றி, கவையின் ஊசியைத் தட்டி எடுத்து, இரண்டு தகடுகளின் கால்முனைகளையும் இம்மியளவு விரித்துவிட்டால் பள்ளத்தை ஓரளவு நிரப்பும். தகட்டுக் கவையில் மட்டும்தான் இது. வார்ப்புக் கவையை வளைக்கப் பார்த்தால் பட்டென்று உடையும். மேல் தகட்டுத் துளையின் ஆட்டத்துக்கு வீட்டில் செய்யக்கூடிய மருந்து கிடையாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சக்கரத்தைச் சும்மா சுற்றும் இடத்தில் நடுவாக விட்டுவிட்டு, பிளேடின் பின்முனையில் சின்னப் பித்தளைச் சுத்தியால் மெல்லத் தட்டினால் பிளேடு நூலளவு நூலளவாக இறங்கும். சரியான ஆழம் வந்ததும் சக்கரத்தை முட்டும் வரை திருப்பி வையுங்கள், முட்டுக்கொடுத்துவிடும். சக்கரத்தால் வராத நுணுக்கம் தட்டலில் வருகிறது. ஆப்பு வைத்த மர இழைப்புளியில் நம் ஆசாரிமார் காலங்காலமாகச் செய்வது இதைத்தானே? இறக்க வேண்டுமா, பிளேடில் தட்டு. ஏற்ற வேண்டுமா, கட்டையின் பின்பக்கம் தட்டு. இரும்பில் வாங்கியதே தட்டாமல் திருகலாம் என்றுதான். கடைசியில் இதற்கும் தட்டு!

ஆழம் பார்ப்பது வெள்ளெழுத்து வந்தவர்களுக்குப் பெரும்பாடு. அடிப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து பிளேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள், பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. விரல் நீளத்துக்கு, ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மெல்லிய மரக்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். இழைப்புளியைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடு வெளியே நீட்டும் திறப்பான வாயின் இடது ஓரத்தில் குச்சியை முன்னிருந்து பின்னாக ஒருமுறை ஓட்டுங்கள். வலது ஓரத்திலும் அப்படியே. ஒரு பக்கம் 'சர்ர்' என்று தடித்த சீவலும் மறுபக்கம் வெறும் தூளும் வந்தால் பிளேடு சாய்ந்திருக்கிறது. பக்கவாட்டு நெம்புகோலைத் தள்ளிச் சரிசெய்து, இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும் வரை பாருங்கள். கண்ணுக்கு வேலையே இல்லை, காதும் விரலும் போதும்.

சக்கரத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் நேர் செய்யக்கூடிய குறைகள். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்து இழைக்க முடியாது, அதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். மேல் தகட்டின் முன்விளிம்பு பிளேடோடு ஒட்டாமல் இருக்கும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியும். அதற்குள் சீவல் புகுந்து அடைத்துக்கொள்ளும். மேல் தகட்டின் வாலைக் கல்லின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, முன்விளிம்பு மட்டும் கல்லில் படும்படி தீட்டினால் போதும். பிளேடு முனையிலிருந்து மேல் தகடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில்தான் சூட்சுமமே. சாதாரண வேலைக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். வேம்பு, பலா மாதிரி இழை பட்டை பட்டையாகத் திசை மாறும் பலகைக்கு அரை மில்லிமீட்டருக்கும் உள்ளே. அவ்வளவு நெருக்கினால் தள்ளக் கொஞ்சம் கனக்கும், ஆனால் இழை பிய்ந்து குழி விழுவது அடங்கிவிடும். வாயைச் சுருக்குகிறேன் என்று சாய்வுக்கட்டையை முன்னே தள்ளாதீர்கள். வாயின் பின்விளிம்போடு நேராக நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிளேடுக்கு அடியில் தாங்கல் போய் நடுங்கும்.

அடிப்பக்கத்துக்கு, கண்ணாடிப் பலகையில் 80 நம்பர் உப்புத்தாள். பிளேடைப் பின்வாங்கி, ஆனால் கழற்றாமல், பிளேடை மேலிருந்து இறுக்கிப் பிடிக்கும் அழுத்து மூடியை வழக்கமான இறுக்கத்தில் பூட்டித்தான் தேய்க்க வேண்டும். அந்த அழுத்தத்தில் அடிப்பக்கம் சற்று வளையும் என்பதே காரணம். மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய்த்தால் எங்கே படுகிறது என்று தெரியும். முன்முனை, வாய்க்குச் சற்று முன்னால், பின்முனை, இந்த மூன்று இடமும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். கண்ணாடி மாதிரி ஆக்குகிறேன் என்று உட்கார்ந்தால் தோள்பட்டைதான் போகும்.

பிளேடு இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு, இரும்பு கொஞ்சம் மென்மை. தேக்கில் சிலிக்கா உண்டு, சீக்கிரம் முனையைத் தின்றுவிடும். ஆனால் மென்மை என்பதால் தீட்டுவது சுலபம், இதை நான் நல்ல குணமாகவே எடுத்துக்கொள்கிறேன். பிளேடைக் கோணம் மாறாமல் பிடித்துக் கல்லில் உருளும் தீட்டும் வண்டி வாங்கிக்கொள்ளுங்கள், கையால் கோணம் பிடிக்கும் வீரமெல்லாம் பிறகு. பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும் சாதாரண எக்லிப்ஸ் வகை வண்டியில் பிளேடை 38 மில்லிமீட்டர் நீட்டிப் பூட்டினால் 30 டிகிரி, 50 மில்லிமீட்டர் நீட்டினால் 25 டிகிரி. ஒரு மரத்துண்டில் இந்த இரண்டு அளவுக்கும் முட்டுக்கட்டை அடித்து வைத்துக்கொண்டால் ஸ்கேல் தேட வேண்டாம். ஆயிரம் நம்பர் கல்லில், பின்பக்கத்தில் முழு அகலத்துக்கும் பிசிறு விரலில் தட்டும் வரை தேய்த்து, பிறகு தோலில் இழுத்தால் சரி. கூர் வந்ததா என்று பார்க்க, விளக்கடியில் முனையை உங்களைப் பார்க்கத் திருப்புங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் இன்னும் மழுக்கல். தடித்த பிளேடு வாங்கிப் போட்டால் எல்லாம் தீரும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். வாயை அரத்தால் அகலப்படுத்த வேண்டி வரலாம், கவையின் முனையும் துளைக்கு எட்டாமல் போகலாம்.

வயதானவர்கள் கவனிக்க வேண்டியது எடையைவிட மேசை உயரம். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதற்குச் சற்றுக் கீழே மேசைத்தளம் இருக்கட்டும். தள்ளுவது இடுப்பாலும் காலாலும். கைப்பிடியை மூன்று விரலால் பிடித்து ஆள்காட்டி விரலை முன்னே நீட்டுங்கள், நாலு விரலையும் திணித்தால் சுண்டுவிரல் புண்ணாகும். அடியில் வெள்ளை மெழுகுவத்தியால் இரண்டு கிறுக்கு கிறுக்குங்கள். இதற்கு ஆகும் செலவுக்கு இதைவிடப் பெரிய சுகம் மரவேலையில் கிடையாது. கடற்கரை ஊர்க்காரர்கள் வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள். அட்டைப்பெட்டியில் வைத்தால் ஈரம் குடித்துத் துரு ஏறும்.

இப்படி நேர் செய்த இழைப்புளி பூவரசம் பலகையில் ஓடும்போது வரும் சீவல், வெங்காயச் சருகு மாதிரி வெளிச்சம் ஊடுருவும். உப்புத்தாள் போடவே மனம் வராது. பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் இறக்குமதிச் சாமானும் அந்தப் பலகையில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்துவிடாது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே சொன்னதையெல்லாம் கூட்டிக் கழித்தால் வாங்கலாம் என்றுதான் வரும், எனக்கே தெரிகிறது. இது கணக்கு இல்லை, சக்கரத்தின் மேல் இருக்கும் கோபம். பழைய சாமான் கடையில் வார்ப்புக் கவையோடு ஒன்று கிடைக்குமா பாருங்கள், துரு இருந்தாலும் பரவாயில்லை, வாய் ஓரத்தில் விரிசல் இருந்தால் மட்டும் தொடாதீர்கள். புதுசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு மேல் சும்மா ஓடினால் வேறு பெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், பெட்டிக்குப் பெட்டி மாறும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.