மூன்றாம் தரமும் பூசிய சுவர்

கொழும்புக் கோட்டையில் பழைய கம்பனிக் கட்டடமொன்றைத் தொடர்மாடியாக்கி விற்கிறார்கள், வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். அதே மாதிரிக் கட்டடத்தில் ஐந்து வருடப் பாவனைக்குப் பிறகு, மூன்றாம் தரம் சுவர் திருத்திய கையோடு பதில் எழுதுகிறேன். சதுர அடி, லிஃப்ட், வாகனத் தரிப்பிடம் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். பேச வேண்டியது சுவரைப் பற்றி.

1906இல் கட்டி முடிந்த கார்கில்ஸ் கட்டடத்தின் காலத்துச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒன்றரை அடித் தடிப்பு. மழைக்கு ஈரத்தை இழுக்கும், வெயிலுக்கு விட்டுவிடும். வீடாக்கியவர்கள் அதன்மேல் சீமெந்து பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பீலி ஒழுகி உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை. கடற்காற்றின் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. விரல் பட்டால் மாவாக உதிரும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினாலே உப்பு தண்ணீரை இழுக்கும். கொழும்பில் இரவானால் பெரும்பாலும் அதற்கு மேல்தான். அதனால்தான் ஒழுக்கை நிறுத்திய பிறகும் சுவர் நனைந்தே கிடக்கிறது.

கொந்தராத்துக்காரர் இரண்டு தரமும் செய்தது ஒன்றுதான்: சுரண்டு, பட்டி போடு, வோட்டர்ப்ரூஃப் அடி. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, ஈரம் அரையடி மேலே ஏறியதுதான் மிச்சம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையா இது?

முதலில் பீலியையும் மழைநீர்க் குழாயையும் திருத்துங்கள். பிறகு ஈரத்தின் விளிம்புக்கு அப்பால் ஒரு அடி வரை சீமெந்தைக் கொத்தி, செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் தோண்ட வேண்டும். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும். சில வாரம் காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் கலந்து, ஒரு படைக்கு அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பூச வேண்டும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாக இறுக விடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பெயின்ட் கூடாது. பூசுகிற மேசன் பாஸின் பக்கத்திலேயே நில்லுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு கரண்டி சீமெந்தைப் போட்டுவிடுவார்; அத்தோடு பட்ட பாடெல்லாம் வீண். மிச்ச உப்பு முதற்பூச்சிலும் பூக்கலாம். அதைக் கொத்தி மறுபடி பூசுவது தோல்வியல்ல, உப்பை வெளியே எடுக்கும் வழியே அதுதான்.

வெளிச்சுவர் தொடர்மாடிக்காரர் எல்லோருக்கும் பொதுவான சொத்து, தனியாகத் தொட முடியாது. பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

இந்த வீட்டில் சுகமும் உண்டு: பதினான்கு அடி உயரக் கூரை, கதவுக்கு மேலே காற்றுச் சாளரம், ஏப்ரல் மத்தியானத்திலும் கை வைத்தால் குளிரும் உட்சுவர். பகலில் ஏசியே போடுவதில்லை. எந்தப் புதுத் தொடர்மாடியிலும் இந்தச் சுகம் கிடையாது.

ஆனாலும் சீமெந்து பூசிய வீடென்றால் வாங்காதீர்கள். பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஒக்டோபர், நவம்பர் மழையில் போய் முழங்கையுயரத்தில் சுவரைத் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் பூச்சு கழன்றுவிட்டது. ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது.